ஜோடியில் ஒன்று

— இல்ல அங்கிள், ஏலத்துல நம்ம படம் வர்றதுக்கு இன்னும் ஏழெட்டு ஐட்டம் இருக்கு. இப்ப ஒரு வெள்ளிக் கெட்டில் ஓடுது.

— ஓடட்டும் கண்ணு. நா எங்க போகப்போறேன்... பேர்லேண்ட்ல இந்த டெக்சஸ் வெயில்ல ஆரு வெளிய போவா. உங்க நியூ ஜெர்சில எப்படி?

— மழை. நான் வேணா அப்புறமா கூப்பிடட்டுமா?

— வேண்டா, வேண்டா. வெச்சுட்டா நீ வேற ஆருகிட்டயாச்சும் மாட்டிக்குவ. இப்படியே பேசிட்டிருப்போம், ஸ்ம்ருதி.

— ஓகே. ஆனா போன தடவ மாதிரி பண்ணிடாதீங்க.

— நா என்ன பண்ணேன்?

— கடிகாரம். நான் ரேட் சொல்லச் சொல்ல நீங்க சரி, சரின்னீங்க. நானும் ஏலக் கம்பெனி ஆளா இங்க ஹால்ல உங்களுக்காகக் கையத் தூக்கிட்டே இருந்தேன்.

— கேட்டுட்டிருக்கேன்னு சொன்னேன் கண்ணு. ஃபோன்ல ஒருத்தரு பேசுனா நடுவுல சரி சொல்லோணுமல்ல? வாய மூடிட்டிருந்தா மரியாதையா?

— ஏலத்துல சரின்னா வாங்கறேன்னு அர்த்தம், குமாரசாமி அங்கிள். ஹால்ல அந்த லேடி மட்டும் மேல போகலன்னா, ஆளுயரக் கடிகாரம் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்கும்.

— நின்னிருந்தா மூணு மணி நேரத் தூரத்து ரவுண்ட் ராக்ல இருந்து என்ற பையன் ஓடி வந்திருப்பான். அவன வரவெக்க அது ஒண்ணுதான் வழியாட்ட இருக்குது.

— முகிலன் வரவே இல்லையா?

— பொங்கலுக்கு வர்றேன்னான்... இப்ப என்ன மாசம்?

— ஆகஸ்ட்.

— ம்... டிராஃபிக்கா இருக்கும்.

— அங்கிள்...

— சிரிக்கத்தான் சொன்னேன். சிரி.

— சரி, இன்னிக்கு ஒரு ரூல். வேணும்னா "போடு"ன்னு சொல்லுங்க. "சரி"ன்னா சும்மா கேட்டுட்டிருக்கீங்கன்னு எடுத்துக்கறேன். ஓகேவா?

— சரி.

— பாத்தீங்களா.

— அட, பழகிப்போச்சு கண்ணு... அந்தம்மா படம் உன்ற எதுக்காலயா இருக்குது?

— ஓரமா ஸ்டாண்டுல வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல தெரியறத விட சின்னது.

— நேர்ல எப்படி இருக்கறா?

— தலைல வெள்ளைத் துணி. கழுத்துல மடிப்பு மடிப்பா பெரிய காலர். கன்னம் வத்திப் போய்... நானூறு வருஷமாச்சு, கண்ணுல ஈரம் அப்படியே இருக்கு.

— அழுகறாளா?

— இல்ல, வயசானவங்களுக்கு கண்ணோரம் நனைஞ்ச மாதிரி இருக்கும்ல, அது. பெல்ஜியம் பக்கம் வரைஞ்சது. வரைஞ்சவர் பேரும் தெரியாது, இவங்க பேரும் தெரியாது.

— நேராவும் பாக்க மாட்டேங்கறா. பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன்... ஓரமா ஆரையோ பாக்கறா.

— இது ஜோடிப் படம் அங்கிள். அந்தக் காலத்துல புருஷன ஒரு படம், பொண்டாட்டிய ஒரு படம்னு வரைஞ்சு, பக்கத்துல பக்கத்துல மாட்டுவாங்க. அவர் பக்கமா திரும்பித்தான் இவங்க உக்காந்திருக்காங்க.

— அவரு படம்?

— தொலைஞ்சு போச்சு. எப்பன்னே தெரியல.

— அட கெரகமே... அப்ப இத்தன காலமா வெறுஞ்செவுத்தயா பாத்துட்டிருக்கறா?

— ...அப்படித்தான்.

— அவரு எந்தப் பக்கம் இருந்தாரு?

— நமக்கு இடது பக்கம். இவங்க அவருக்கு இடது பக்கம்.

— எங்க கல்யாண போட்டோவாட்டவே. தனபாக்கியமும் என்ற எடது பக்கந்தான். ஆளு போயி ரெண்டு வருஷமாச்சு... சோபால இன்னமும் அந்தப் பக்கம் எடம் விட்டுத்தான் உக்கார்றேன்.

— கஷ்டமா இருக்கு அங்கிள்.

— விடு. நீ சாப்பிட்டியா?

— சாலட்.

— அதெல்லாம் ஒரு சாப்பாடா. ஊர்ல அம்மாகிட்ட பேசுனியா?

— பேசினா விசா என்னாச்சு, கல்யாணம் எப்பன்னு... அதான். சாப்பிட்டியான்னு என்னைக் கேக்கறது இங்க நீங்க ஒருத்தர்தான். அங்கிள், இருங்க... வந்திடுச்சு. நம்ம படம்தான்.

— வந்துருச்சா?

— ரெண்டாயிரம் டாலர்ல ஆரம்பிக்கறாங்க.

— சரி.

— ஹால்ல ஒருத்தர் கை தூக்கறார். ரெண்டாயிரத்து ஐநூறு கேக்கறாங்க.

— சரி, சரி.

— ஆன்லைன்ல ஒருத்தர் வந்துட்டார். அடுத்து மூவாயிரம்.

— சரி கண்ணு.

— ஹால்காரர் வேண்டாம்னு தலையாட்டிட்டார்... கடைசியா ஒரு தடவ கேக்கறாங்க.

— சரி கண்ணு... சரி.

— சுத்தியலத் தட்டிட்டாங்க அங்கிள். முடிஞ்சுது.

— ஆருக்கு?

— ஆன்லைன்ல யாருக்கோ.

— ஓ... நாம எதுவரைக்கும் போனோம்?

— நாம போகவே இல்ல.

— போகலியா...

— சரின்னுதானே சொன்னீங்க. போடுன்னு சொல்லலியே.

— அட, ஆமால்ல. ரூலுன்னா ரூலுதான்.

— இல்ல... நான் திரும்ப ஒரு தடவ கேட்டிருக்கணும். அதுதான் என் வேலை. வேணும்னேதான் கேக்கல.

— ஏங்கண்ணு?

— சாப்பாட்டு மேசை, பீங்கான் தட்டு, அந்தக் கடிகாரம்... நீங்க எதையுமே வாங்க வரலன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும் அங்கிள். ஃபோன்ல ஏலம் கேக்கறேன்னு பேர் குடுத்தா, ஒரு ஆள் கூப்பிட்டுப் பேசும். அதுக்காகத்தான் குடுக்கறீங்க. ஒவ்வொரு தடவையும் உங்க லைன எனக்குத் தாங்கன்னு மேனேஜர்கிட்ட நானே கேட்டு வாங்கறேன்.

— ...கண்டுபுடிச்சுட்டியா.

— எனக்கும் பேசினா நல்லா இருக்கு. அதான்... இன்னிக்கும் சும்மாதான் சரி சொல்றீங்க, உங்க தலைல ஒரு படத்தக் கட்டிட வேண்டாம்னு நெனச்சேன். நல்லதுதானே பண்ணேன்?

— நல்லதுதான் கண்ணு.

— ...அங்கிள்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன், இருக்கேன்.

— குரல் ஒரு மாதிரியா இருக்கே. என்னாச்சு?

— ஒண்ணுமில்ல... சோபாவுக்கு எடது பக்கம் செவுத்துல, அந்தம்மாவ மாட்டறதுக்கு நேத்தே ஆணி அடிச்சுட்டேன்.