பக்க எண் எங்கே இருக்க வேண்டும்

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஏட்டையா நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குத் தாளில் ஓரம் விடத் தெரியவில்லை. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை அடைத்து எழுதுகிறார். நாளைக்குக் கோப்பில் வைத்துத் தைத்தால் வரிக்கு இரண்டு சொல் நூலுக்கடியில் போய்விடும். அதனால் என் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். தாளுக்குத் தாள் எண்ணும் போட்டிருக்கிறேன், கீழே, நடுவில்.

என் பெயர் பஞ்சாட்சரம். பிள்ளையார்பாளையத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டுக்கடை பில்லும் கல்யாணப் பத்திரிகையும் எனக்குச் சோறு போடுகின்றன. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ புத்தகம் வரும். அதற்காகத்தான் இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன். நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. புடவைக்குக் கரை நாலு விரலா எட்டு விரலா என்று இங்கே கடை வாசலில் நின்று அரை நாள் மல்லுக்கட்டுவார்கள். அதே ஆட்களிடம் புத்தகத்துக்கு ஓரம் விட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். காகிதம் தண்டமாகப் போகிறதே என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட ஜனங்களோடு இத்தனை காலம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

திருப்பருத்திக்குன்றத்துக் குணமாலா அம்மாள் போன சித்திரையில் என்னிடம் வந்தார். சமண நயினார் குடும்பம், நிலபுலன் உள்ளவர்கள். அவருடைய கணவர் அப்பாண்டை பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஜினர் தோத்திரங்களுக்கு உரை எழுதி வைத்துவிட்டுக் காலமாகிவிட்டார். அதைப் புத்தகமாக்க வேண்டும் என்று அம்மாள் கேட்டார். கூடவே குடையும் பையுமாக அவருடைய தம்பி ஜீவகுமார். அக்கா உட்காரச் சொன்னால்தான் உட்காருவான்.

முதல் புரூஃபை நானே கையில் கொடுத்தேன். பக்க எண் அடியில், நடுவில், இரண்டு சின்னப் பூக்களுக்கு மத்தியில் இருந்தது. அந்தப் பூ டைப்பை மெட்ராஸ் போய்த் தேடி வாங்கி வந்தவன் நான். மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று ஓரத்தை ஒரு வாரம் போட்டுப் பார்த்து முடிவு செய்திருந்தேன். அம்மாள் தாளைப் புரட்டினார். உரையைப் படிக்கவில்லை. கட்டைவிரலை மேல் மூலையில் வைத்துத் தேடினார்.

"நம்பரு மேல, வெளிமூலையில இருக்கணும் தம்பி. அவரு அப்படித்தான் எழுதி வெச்சிருக்காரு. புரட்டிக்கினே வந்தா வெரலுக்குக் கீழயே தெரியும்."

"கீழே இருந்தால்தான் பக்கம் அழகாக இருக்கும்மா" என்றேன்.

"நம்பரு தேடறவனுக்குத்தானேப்பா? அழகு பார்க்கறவனுக்கா?"

எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் வேணுகோபால் சிரித்துவிட்டார். மிஷின் பையன்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கேட்டால் வேணுகோபாலே சொல்வார். ஆனால் எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. என் அச்சகத்தில், என் ஆட்கள் முன்னால், தோத்திரத்துக்கு மேல் ஒரு புத்தகம் படித்திராத ஒருவர் எனக்குப் பாடம் நடத்துகிறார். ஆகட்டும்மா என்று சொல்லி அனுப்பினேன். பிறகு என் இஷ்டப்படியே, எண்ணைக் கீழே வைத்துத்தான் அச்சடித்தேன். முழுப் புத்தகமாகக் கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினேன்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை புத்தகம் தருவதாகச் சொல்லியிருந்தேன். சொன்ன சொல் தவறவில்லை. வியாழன் மாலையே தைத்து, அட்டை ஒட்டி, கட்டுக் கட்டாக அடுக்கியாயிற்று. ஒரு பிரதியை என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஜீவகுமார் வந்தபோது அதை எடுக்கத்தான் இழுப்பறையைத் திறந்தேன்.

அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா நேத்து கோயில்ல விரதம் எடுத்துக்கினாங்க சார். புஸ்தகத்தை சாமி பாதத்துல வெக்கிற வரைக்கும் அன்னம் தொட மாட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள வெந்நீரு மட்டுந்தான். நம்பரு மேலதானே போட்டிருக்கீங்க? கீழ இருந்தா வாங்கிக்கினு வராதன்னு சொன்னாங்க."

இழுப்பறையை மூடினேன். எண் கீழேதான் இருக்கிறது, அதற்குச் சம்மதம் என்றால் சாயங்காலமே புத்தகம் கிடைக்கும், மேலேதான் வேண்டும் என்றால் மாற்ற நாளாகும் என்றேன். போய்க் கேட்டுவிட்டு வந்தான். "நாளானாலும் பரவால்ல, மாமா எழுதின மாதிரியே வரட்டும்னு சொல்லிட்டாங்க சார்." நாலைந்து நாளில் மாற்றித் தருவதாகச் சொன்னேன்.

மாற்ற முடியாது, ஐயா. அச்சு முடிந்ததும் டைப்பை எல்லாம் கலைத்து எழுத்துப் பெட்டி அறைகளில் போட்டுவிடுவோம். அந்தப் புத்தகத்தை மறுபடி கோக்க வேண்டுமானால் தீபாவளி தாண்டிவிடும். நான் எதையும் கோக்கச் சொல்லவில்லை. மிஷினில் பட்டுக்கடை பில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் வீட்டில் விரதம் எடுத்தால் எடுத்ததுதான். பாதியில் விடு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இது எனக்குத் தெரியும். சாப்பிட வேண்டாம் என்று நானா சொன்னேன்? சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே சாப்பிட்டிருக்கலாம். ஜீவகுமார் தினமும் வந்தான். அம்மா சாப்பிட்டார்களா என்று தினமும் கேட்டேன். இல்லை என்பான். நாளைக்கு வா என்பேன். ஒரு நாள் அவன் கண் கலங்கி, "உங்களுக்காவது அக்கறை இருக்குதே சார்" என்றான். இப்படியும் ஒரு அசடு. அவர் தளர்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

வேணுகோபால் ஒரு தடவை, "புஸ்தகந்தான் ரெடியா இருக்குதே மொதலாளி, குடுத்துட்டா இன்னா?" என்றார். பில்லில் எழுத்துப் பிழை இருக்கிறது, போய்ப் பாரும் என்றேன். போய்ப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

ஆடிப்பூரம் முடிந்த பிறகு ஒரு காலையில் ஜீவகுமார் குடையில்லாமல் ஓடி வந்தான். "அக்கா ஒத்துக்கினாங்க சார். நம்பரு எங்க வேணா இருக்கட்டும். எழுந்து உக்கார முடியல. புஸ்தகத்தைக் குடுங்க சார்."

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் இவன் சொன்னால் போதுமா? அவர் என்னைப் பேசியது நாலு பேர் முன்னால். இதையும் நாலு பேர் முன்னால்தானே சொல்ல வேண்டும்? அம்மாளே நேரில் வந்து சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். அவன் திரும்பி ஓடினான்.

உச்சி வெயிலில் ரிக்‌ஷா வந்தது. வாசலில் நிற்பது என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. அம்மாள் பின்னால் சாய்ந்திருந்தார்; வெள்ளைப் புடவைத் தலைப்பு சக்கரத்துப் பக்கம் தொங்கியது. ஜீவகுமார் உள்ளே வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்காவால எறங்க முடியல சார். நீங்க ஒரு அடி வெளிய வாங்க. கையில குடுக்கக்கூட வேணாம், கண்ணுல காட்டுங்க போதும்."

புத்தகம் என் முழங்காலுக்கு நேரே இழுப்பறையில் இருந்தது. எழுந்தால் பத்தடி தூரம். என் மேஜைமேல் ஒரு புரூஃப் கிடந்தது, அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு படிதானே, கைத்தாங்கலாக அழைத்து வா, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து திருத்தினேன். வேணுகோபால் எழுந்து வெளியே போனார். மிஷின் பையன்களும் போனார்கள். மிஷின் நின்றுவிட்டது. அந்தப் புரூஃபில் கடைசி வரிவரை பார்த்து முடித்தேன். நிமிர்ந்தபோது ரிக்‌ஷாக்காரன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். யாரும் வந்து எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் தயாராக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, முதல் நாளிலிருந்தே. அவர் பட்டினி கிடப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். செத்துப்போவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். அது தெரிந்துதான் நேரில் வரச் சொன்னேன். பிறகு சொல்ல ஆள் இருக்காதே. நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதற்காகக் கடைசிவரை நாற்காலியை விட்டு எழாமல் காத்திருந்தேன். வாசல்வரை வந்தவர் உள்ளே வரவில்லை. பிடிவாதம் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள், ஐயா.