பெயரில்லாத எண்

இரவு ஒன்றரை மணி. செடெனாக்கில் செம்பனைத் தோட்டங்களின் நடுவே போகும் சாலை. முன்னாலும் வண்டியில்லை, பின்னாலும் இல்லை... போனது நம் விஜயனின் மைத்துனன் ரூபேந்திரன். அவனுக்கு நேர்ந்ததுதான் இது.

மனைவி சாந்தினியை எரியூட்டி மூன்று நாள். சிகாமட்டிலிருந்து வந்த மாமனார் தங்கராஜு அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இவ்ளோ சீக்கா இருந்திருக்கா... எனக்கு ஒரு வரி எழுதலியே மாப்ள."

தன் சொல்லை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளின் தொலைபேசியை எடுப்பதில்லை என்று நான்கு வருட வீம்பு அவருக்கு. மின்னஞ்சலை மட்டும் தவறாமல் பார்ப்பார். அதனால்தான் சாந்தினி எழுதினாள், வந்து பார்க்கச் சொல்லி. பதில் வராத ஒவ்வொரு நாளும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது ரூபேந்திரனுக்குத் தெரியும்.

அந்தக் கடிதங்கள் என்ன ஆயின என்று அன்றிரவுதான் தேடினான். அவை போனது, வீட்டுக்கென்று அவனே அமைத்து, தான் வேலை செய்யும் டேட்டா சென்டரில் வைத்திருந்த மெயில் சர்வர் வழியாக. அஞ்சலைப் பெறும் இடம், அனுப்பிய சர்வரின் எண்ணைப் பிடித்துத் திருப்பிக் கேட்கும்: இந்த எண் யாருடையது? பெயர் பதிவாகியிருக்காவிட்டால் கடிதம் வாசலோடு திரும்பிவிடும். அங்கே ஊராருக்கெல்லாம் அந்தப் பதிவை எழுதிக் கொடுப்பவன், தன் எண்ணுக்கு எழுத மறந்திருந்தான். அதோடு, திரும்பும் கடிதங்களின் அறிவிப்பு அவளைத் தொல்லை செய்யவேண்டாமென்று தன் பெட்டியின் ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு, அந்த மூலையைத் திறக்கவே இல்லை.

இப்போது திறந்தான். திரும்பி வந்த பதினொரு கடிதங்கள்.

அந்நேரத்தில் வண்டியை எடுத்தது அதற்குத்தான். டேட்டா சென்டரின் சர்வர் அறை. எலும்பைத் தொடும் குளிர். விசிறிகளின் ஓயாத இரைச்சல்... எண்ணுக்கு நேரே பெயரை எழுதினான். கேட்டுப் பார்த்தான்; பெயர் வந்தது. பதினொன்றையும் மறுபடி அனுப்பினான்.

இரைச்சல் ஒரு மூச்சளவு நின்றது. நீலகிரித் தைலத்தின் வாசம்... கடைசி நாள்களில் அவள் நெஞ்சில் அவன் தேய்த்துவிட்டது.

"அலமாக்... லைட்ட போடுங்க லா!" என்கிறான், இருட்டில் கதை கேட்டுக்கொண்டிருக்கும் செல்வா. இரு, முடியட்டும்.

மூன்று இருபதுக்குத் தொலைபேசி. தங்கராஜு அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாம் வந்துடுச்சு மாப்ள. பன்னண்டும்."

"பதினொண்ணு மாமா."

"பன்னண்டுய்யா. கடைசி இப்பதான் வந்துச்சு. தேதிகூட இன்னிக்குதான் போட்டிருக்கு..." அவர் வாசித்தார்:

"அப்பா, அவர் மேல கோவப்படாதீங்க. ஸ்வெட்டர்கூட இல்லாம இந்தக் குளிர்ல ஒக்காந்திருக்காரு. பின்னால நின்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், காதுல விழல. நீங்க சொல்லுங்கப்பா."