உறை மாற்றப் போன வெள்ளி நாணயம் குறித்து

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

அப்பாவிடம் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை எங்கள் கடையிலேயே சத்தமாகப் படித்துக் காட்டினீர்கள். அதைப் போலவே வரிசையாக எழுத முயல்கிறேன். வீட்டில் என்னைக் குட்டி என்பார்கள். வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பு. நாணயக் கடைக்காரரின் மகள். கடைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, பெரியப்பா, நான் ஆகியோர் வசிக்கிறோம். கடை பெரியப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர் கூடத்தில் தூங்குவதால் இதைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

சேகரிப்பவர்களின் நாணயங்களை வாங்கி, தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்புவது அப்பாவின் வேலை. நிறுவனத்தார் அசலா போலியா என்று பார்த்து, தேய்மானத்தைப் பொறுத்து எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, எண் அச்சிட்ட சீட்டுடன் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடித் தருவார்கள். உறையில் கீறல் விழுந்தால் திரும்ப அனுப்பலாம். மதிப்பெண்ணைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றித் தருவார்கள். பல் டாக்டர் தமது வெள்ளி நாணயத்தை அதற்காகத்தான் அப்பாவிடம் கொடுத்தார்.

அதன் பிறகு, அப்பா வெளியே போயிருந்த ஒரு மதியம் பெரியப்பா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். உறை இரண்டு பாதியாகப் பிளந்து மேசையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு நாணயம் இருந்தது. "உறை தானா விரிஞ்சிடுச்சு குட்டி. ஒட்டி அனுப்பணும். என் விரல் உலக்கை மாதிரி இருக்கு. நீ எடுத்து வை" என்றார். உறைக்குள் இருக்கும் வளையத்தில் வைத்தேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வலது கட்டை விரலால் அழுத்தியதும் உட்கார்ந்தது. அதன் பிறகு அவர் பசை தடவி மூடினார். "அப்பாகிட்ட சொல்லாத. நாணயத்தோட மூஞ்சியத் தொட்டேன்னு உன்னைத்தான் காய்ச்சுவான்."

அது உண்மை. அப்பா எந்த நாணயத்தையும் விளிம்பில்தான் பிடிப்பார். விரலின் எண்ணெய் வெள்ளியில் பட்டால் ரேகை கறுத்து அப்படியே தங்கிவிடும்.

நான் வைத்தது டாக்டரின் நாணயம் அல்ல, அதே வருடத்துத் தேய்ந்த வேறொன்று என்பது அப்போது எனக்குத் தெரியாது. உறையை மட்டும் மாற்றுகிறவர்கள் உள்ளே இருப்பதைப் பார்க்க மாட்டார்கள் என்று பெரியப்பா நினைத்துவிட்டார். ஆனால் முதல் தடவை எடுத்த படத்தை அவர்கள் வைத்திருந்தார்கள். இது வேறு நாணயம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு டாக்டர் உங்களிடம் புகார் கொடுத்தார்.

நீங்கள் வந்து, திரும்பி வந்த நாணயத்தின் பெரிதாக்கிய படத்தை மேசையில் வைத்தபோது நான் உங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன். படத்தில் ஒரு கட்டை விரல் ரேகை, அதன் குறுக்கே ஒரு கோடு. "யார் விரல்னு பார்த்தா தெரிஞ்சிடப் போகுது" என்றீர்கள். அப்பா படத்தைப் பார்த்தார். அதன் பிறகு தம்ளரைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். முன்பு பிளேடு கிழித்தபோது என் வலது கட்டை விரலைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான்.

"நான்தான் சார் மாத்தினேன். ரேகையெல்லாம் எதுக்கு? எழுதிக்கோங்க" என்றார். நீங்களும் எழுதிக்கொண்டு அவரைக் கூட்டிப் போனீர்கள்.

அதன் பிறகு பெரியப்பா தினமும் சாப்பிடும்போது, "நம்ம குட்டிக்கு வாய் எதுக்கு இருக்கு? சாப்பிடத்தானே?" என்று சிரிக்கிறார். அம்மா சிரிப்பதில்லை. "நீ சொன்னா உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்கடி. அப்புறம் அவர் உள்ள இருக்கறதுக்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் மட்டும் சொன்னார். காயமே இல்லாத என் கட்டை விரலில் தினமும் காலையில் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புகிறார். இன்னும் ஆறவில்லையா என்று டீச்சர் கேட்கிறார்.

இதைக் கொடுத்தால் அப்பா வீட்டுக்கு வருவாரா, அல்லது நானும் அங்கே வர வேண்டியிருக்குமா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

இதில் உள்ளது எதுவும் பிறர் சொல்லி எழுதியது இல்லை. நான் பார்த்ததும் செய்ததும் இவ்வளவே. பிளாஸ்திரியைப் பிரித்து, பேனா மை தடவி, கீழே என் வலது கட்டை விரலைப் பதித்திருக்கிறேன். படத்தோடு வைத்துப் பார்க்கவும். அப்பாவின் விரலையும் பார்க்கவும்.

மை இன்னும் காயவில்லை. தயவுசெய்து தாளின் விளிம்பைப் பிடிக்கவும்.