மீசைக்கார மேனேஜர்

கணவர்: அந்த மேனேஜருக்கு மீசை எப்படி இருக்கும்னு சொன்னே?

மனைவி: எந்த மேனேஜருக்கு?

கணவர்: உன் மேனேஜருக்குத்தான். தினமும் சாயந்திரம் டீயோட சேர்த்துத் திட்டுவியே, அந்தச் சிடுமூஞ்சி.

மனைவி: ஓ... அந்த ஆளா! முறுக்கு மீசை. கோபம் வந்தா ரெண்டு நுனியும் துடிக்கும். ஏன் கேக்குறீங்க?

கணவர்: சும்மாதான். இன்னிக்குக் கடைசிப் புலம்பல் ஆச்சே... கொஞ்சம் விவரமாக் கேட்டு வெச்சுக்கலாம்னு.

மனைவி: ஆமால்ல... நாளையிலேர்ந்து நமக்குப் புலம்ப ஒண்ணுமே இருக்காது. அண்ணன் இப்ப வந்துடுவாரு. நாம 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், மூணு பேரும் சேர்ந்து மெத்தைக் கடை. ரெண்டு பேர் வேலைக்கும் பெரிய கும்பிடு.

கணவர்: சொல்லிடலாம்ல?

மனைவி: சொல்லிடலாம்... நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான்.

கணவர்: இல்லல்ல, நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான்.

மனைவி: டீ ஆறுது பாருங்க. குடிச்சுட்டு ஆரம்பிங்க. நான் 'ச்சே, பாவம்' சொல்லணும்ல.

கணவர்: நேத்து நான்தான் முதல்ல புலம்பினேன். இன்னிக்கு உன் முறை.

மனைவி: என்னத்தச் சொல்ல... எவன் எந்த லிஃப்டுல மாட்டினாலும் பட்டனை அமுக்கினா என் காதுலதான் அடிக்குது. மெக்கானிக் போய்த் திறக்குற வரைக்கும் அவங்க பயப்படாம இருக்க நான் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு.

கணவர்: ச்சே, பாவம்.

மனைவி: அதுக்கு நடுவுல அந்த மீசை வேற பின்னாடி வந்து நின்னுக்கிட்டு, 'இங்க என்ன அரட்டை'ன்னு...

கணவர்: இன்னிக்கா?

மனைவி: இன்னிக்கேதான். காலைல வந்ததுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நகரவே இல்ல அந்த ஆளு.

கணவர்: அப்படியா... காலைல உன் மேனேஜர் என் பக்கத்துல உக்காந்து காரை ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தாங்களே.

மனைவி: என்னது?

கணவர்: லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்திருந்தாங்க. ஊருல இருக்குற டெஸ்ட் எடுக்குற ஆளுங்கள்ல என்கிட்டயே வந்து மாட்டினாங்க.

மனைவி: வந்திருந்... தாங்களா?

கணவர்: தாங்கதான். மீசை இல்ல. முறுக்கணும்னா ஒத்தைப் பின்னல்தான் இருந்துச்சு.

மனைவி: ஐயய்யோ...

கணவர்: உன் ஆபீஸ் பேரைச் சொல்லி, அங்க மேனேஜர்னாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியல. பயத்துல வாய் ஓயாமப் பேசிக்கிட்டே வந்தாங்க. 'எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா சார், லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட அப்படிப் பேசுவா. கதவைத் திறந்த பிறகும் பேச்சு முடியாம வெளிய வர மாட்டேங்குறாங்க, மெக்கானிக் கையைப் பிடிச்சு இழுக்க வேண்டியிருக்கு'ன்னு.

மனைவி: அது... ஒரு தடவைதாங்க நடந்துச்சு.

கணவர்: 'லீவு எடுத்துக்கோன்னு நான்தான் அவளைக் கெஞ்சணும். மாட்டேன்னுடுவா'ன்னாங்க.

மனைவி: அவங்க பாஸா?

கணவர்: பேச்சை மாத்தாதே. பாஸ்தான். ரிவர்ஸ் சுத்தமா எடுத்தாங்க. இப்பச் சொல்லு, மீசை எங்கேர்ந்து முளைச்சுது?

மனைவி: நீங்கதான் முளைக்க வெச்சீங்க!

கணவர்: நானா!

மனைவி: பின்னே? தினமும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, 'இன்னிக்கும் உயிரோட திரும்பிட்டேன்'னு சோபாவுல விழுவீங்க. அப்பப் போய் நான், 'எனக்கு இன்னிக்குச் சூப்பரா இருந்துச்சு'ன்னு சொல்ல முடியுமா? ஈவு இரக்கம் வேண்டாமா? அதான் எனக்கும் ஒரு ஆளு வேணும்னு... ஒரு மீசையை வெச்சு...

கணவர்: அப்ப உனக்கு அந்த வேலை புடிச்சிருக்கு.

மனைவி: புடிச்சிருக்கான்னா கேக்குறீங்க? உசுரு! போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணு மாட்டிக்கிட்டா. நேரமாகுதுன்னு அழுகை. மையெல்லாம் கரைஞ்சுடும்டி, அழாதேன்னு சிரிக்க வெச்சேன். கல்யாணம் முடிஞ்சதும் அதே லிஃப்டுக்கு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து மணி அடிக்கிறா. 'மறுபடியும் மாட்டிக்கிட்டியா'ன்னு பதறினேன். 'இல்லக்கா, இவரு உங்ககிட்ட ஹலோ சொல்லணுமாம்'ங்குறா!

கணவர்: இதை ஏன் என்கிட்டச் சொல்லல?

மனைவி: அன்னிக்குத்தான் உங்க காரை ஒரு அம்மா பூந்தொட்டி மேல ஏத்தினாங்களே. நீங்க நொந்து போய் உக்காந்திருந்தீங்க.

கணவர்: ம்...

மனைவி: ஏங்க... நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. நீங்க மட்டும் அண்ணன்கூட மெத்தைக் கடைக்குப் போங்க. நீங்க தினமும் செத்துப் பொழைக்கிறதை என்னால பாக்க முடியல. நான் மட்டும் லிஃப்டுலயே... இருந்துக்கட்டுமா?

கணவர்: அது வந்து...

மனைவி: பூந்தொட்டியை நினைச்சாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது. ஆமா... மழைக்காலத்துலயும் ஒரு அம்மா பூந்தொட்டி மேல ஏத்தினாங்கன்னு சொன்னீங்களே?

கணவர்: சொன்னேனா?

மனைவி: அதுலயும் சிவப்புப் பூ. அதுலயும் அந்த அம்மா, 'செடி ஏன் குறுக்க வந்துச்சு'ன்னு கேட்டாங்க.

கணவர்: ஒரே மாதிரி நிறைய அம்மாக்கள் இருப்பாங்க...

மனைவி: என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

கணவர்: சரக்கு தீர்ந்துடுச்சும்மா! எத்தனை வருஷம்தான் புதுசு புதுசா விபத்துக்கு நான் எங்க போவேன்? பழசையே துடைச்சுத் துடைச்சுக் கொடுத்தேன்.

மனைவி: அடப்பாவி மனுஷா!

கணவர்: நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாரோ திட்டிட்டாங்கன்னு அழுதுக்கிட்டே வந்தே, ஞாபகம் இருக்கா? உன்னைத் தேத்தணும்னு, 'எனக்கு மட்டும் என்ன வாழுதாம்'னு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். நீ சட்டுனு கண்ணைத் துடைச்சுக்கிட்டு 'ச்சே, பாவம்'னே. அதைக் கேக்க நல்லா இருந்துச்சு.

மனைவி: அந்த ஒரு 'ச்சே, பாவ'த்துக்காகவா இவ்வளவும்?

கணவர்: உண்மையைச் சொன்னா, பாஸ்னு சொல்றப்ப ஒவ்வொருத்தர் மூஞ்சியும் மாறும் பாரு... அதைப் பாக்கத்தான் நான் காலைல எந்திரிக்கிறதே. ஒரு பெரியவர், பாஸ்னதும் சந்தோஷத்துல வைப்பரைப் போட்டு விட்டுட்டு இறங்கிப் போயிட்டாரு. நல்ல வெயில்! நான் உள்ள உக்காந்து சிரிக்கிறேன், கண்ணாடி சரக்கு சரக்குன்னு தேயுது.

மனைவி: இப்படிச் சிரிச்சு உங்களை நான் பார்த்ததே இல்ல. போங்க... எனக்கு அழுகையா வருது.

கணவர்: சந்தோஷமாத்தானே?

மனைவி: பின்ன! ஆனா அண்ணன்கிட்ட என்ன சொல்றது? மனுஷன் ஆசை ஆசையா வர்றாரு.

கணவர்: அதான் எனக்கும் யோசனையா இருக்கு. பாவம், கிரேன் ஓட்ட அந்த உசரத்துக்கு ஏறி இறங்கி முட்டி தேஞ்சு போச்சுன்னு மச்சான் சொல்லுவாரே. கீழ ஒரு வேலை கிடைக்கட்டும்னுதானே கடை வெக்கிறாரு.

மனைவி: நாம வரலேன்னா அவரு தனியா எப்படி... ஐயோ, மணி அடிக்குது!

கணவர்: நீ சொல்லு. உன் அண்ணன்.

மனைவி: நீங்க சொல்லுங்க. உங்க மச்சான்... வாங்கண்ணா, வாங்க! டீ போடட்டா?

அண்ணன்: டீ எல்லாம் அப்புறம். கடையை வாடகைக்கு விடுறவருக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல பதில் சொல்லணும். என்ன மாப்பிள்ளை, முடிவு பண்ணியாச்சா?

கணவர்: பண்ணியாச்சு மச்சான்... உக்காருங்க. மெத்தைக் கடைன்னா... நல்ல மெதுவான தொழில்...

அண்ணன்: ஆமா. ரொம்ப மெதுவு.

மனைவி: எங்களுக்குத்தான்ணா... மெத்தையைப் பார்த்தாலே தூக்கம் வந்துடும்...

அண்ணன்: என்ன சொல்ல வர்றே தங்கச்சி?

மனைவி: நாங்க வரலண்ணா! கோவிச்சுக்காதீங்க. எனக்கு என் வேலைன்னா உசுரு. இவருக்கு இவரு வேலைன்னா உசுரு. இத்தனை நாளும் ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு இன்னொருத்தர் பொய்யா அழுதிருக்கோம்!

கணவர்: மன்னிச்சுடுங்க மச்சான். உங்க முட்டியை நினைச்சாத்தான் சங்கடமா இருக்கு...

மனைவி: அண்ணா, ஏதாவது பேசுங்கண்ணா. இப்படிப் பார்க்காதீங்க.

அண்ணன்: இருங்க, இருங்க... முதல்ல எங்க சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டுக்கறேன். என் கிரேனை வேற எவன்கிட்டயாவது கொடுத்துடப் போறாரு! என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல. போன் பண்ணும்போதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் அழுத அழுகை தாங்காமத்தான் நான் கீழ இறங்கவே சம்மதிச்சேன்!