மணிமுத்தாறு இறக்கம்

காலணிக் கயிற்றை ஒழுங்காகக் கட்டாதவர்களை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. தேசிய மகளிர் கால்பந்து அணிக்கு என்னைப் பயிற்சியாளராகப் போட்டு, பாளையங்கோட்டையில் முகாம் தொடங்கிய முதல் நாள் காலையில், பாதிப் பேருக்குக் கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. வரிசையாகப் பதினோரு ஆட்டம் தோற்றுவிட்டு வந்திருந்த அணி அது. நீங்கள் விசாரணைக் குழு என்று வந்திருக்கிறீர்கள். நடந்ததை நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வேலை மிச்சம்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கிவிட்டு, அன்று மாலையே முழங்கை வரை சால்னா வழியப் பரோட்டாவைத் தின்றுகொண்டு சிரித்தார்கள். வாயில் பரோட்டா இருக்கும்போதே சிரித்தார்கள். நான் பாதியில் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

ஒரு அணியைத் திருத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். உணவை மாற்றினேன். கைப்பேசிகளை வாங்கி வைத்தேன். சீக்கிரமே விளக்கணைக்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஆனால் தலையாட்டும் முன் ஒவ்வொருத்தியும் ஃபிளோராவை ஒரு பார்வை பார்த்தாள். ஃபிளோராதான் அணித்தலைவி. உவரிக்காரி, இருபத்து மூன்று வயது. நான் ஏசி முடித்ததும் அணியிலிருந்த மணிப்பூர்ப் பெண்ணிடம் அரைகுறை இந்தியில் ஏதோ சொல்வாள், அவள் முகம் தெளிந்துவிடும். என் ஏச்சு அத்தனையும் காற்றோடு போகும். அந்தப் பார்வை எனக்கு அருவருப்பாக இருந்தது. என் சாப்பாட்டுத் தட்டில் வேறு யாரோ கை வைத்த மாதிரி இருந்தது.

அவளை அணியிலிருந்து நீக்கியிருக்கலாமே என்பீர்கள். யோசிக்காமல் இல்லை. நீக்கினால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். அவளாகவே விழுந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் கடைசியில் அவளுக்கு வலது முழங்கால் திருகி வீங்கியது. முகாமின் டாக்டர் விடுப்பில் இருந்தார். நானே காரில் ஏற்றி, வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். தசைநார் பாதி கிழிந்திருப்பதாக அறிக்கை வந்தது. மூன்று மாதம் ஓடாமல் இருந்தால் கூடிவிடும் என்றார் அங்கிருந்த டாக்டர். அறிக்கையை மடித்து என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம், வெறும் சுளுக்குதான், நான்கு நாள் மாத்திரை போடு என்றேன்.

அவளுடைய அம்மா அமலோற்பவம் மறுநாள் பஸ் பிடித்து வந்தார். மீன் விற்கிறவர். பெற்ற தகப்பன் மாதிரி நீங்களே கூட்டிப்போய்ப் பார்த்தீர்களே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். அதைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன். கையில் அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

ஐந்தாம் நாள் எல்லோரையும் மணிமுத்தாறுக்குக் கூட்டிப்போனேன். அருவிக்குப் போகும் மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டும், மூன்று முறை. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முழங்கால் அடி வாங்குவது இறங்கும்போதுதான். இது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும்.

கோல் காப்பாளர் டெபோரா என்னிடம் வந்தாள்.

"சார், அவ காலு இன்னும் வீங்கித்தான் கெடக்கு. பைய நடந்து வரட்டுமே."

நான் விசிலை வாயில் வைத்தேன். ஃபிளோராவே குனிந்து முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணுமில்லைன்னு சாருதான் ஸ்கேன் பாத்துச் சொல்லிட்டாவல்லா. நான் ஓடுதேன்."

முதல் இறக்கத்தில் நொண்டினாள். இரண்டாவதில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவதில், ஒரு வளைவில், கரும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி தாங்காமல் சாலையோரம் கிடந்து வாந்தி எடுத்தாள். என் காலணியில் பட்டுவிட்டது. முதலில் ஓடையில் இறங்கி அதைக் கழுவினேன். அதன்பின் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

இரண்டு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கம்பு ஊன்றி நடக்கிறாள் என்கிறார்கள். இனி ஆட முடியாதாம். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பழைய ஸ்கேனைக் கேட்க, சென்டர்காரர்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அறிக்கையை மறைத்தது நான்தான். அந்தக் காலோடு ஓடினால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் ஓடவிட்டேன்.

ஆனால் அணி திருந்தியிருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆடிய நான்கு ஆட்டமும் தோற்றோம், உண்மைதான். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சந்தேகமிருந்தால் அவர்களைக் கூப்பிட்டே கேளுங்கள். அப்போது நானும் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும். நான் தலையசைக்காமல் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை.