மாதிரிக் கிணறு

– அளவுக் கயிறு பாறையிலயே முட்டுது. அடியில சேறுகூட இல்லம்மா.

– அதைச் சொல்லத்தான் சர்க்கார் உங்களை ஜீப்புல அனுப்பிச்சுதா, தண்ணி சார்? எட்டிப் பார்த்தா எனக்கே தெரியுமே.

– கோவிச்சுக்காதீங்க. நீங்க மனு போட்டதாலதான் மறுபடி வந்தேன்.

– அளந்தாச்சுல்ல? அந்த மில்லுக்காரன் போட்ட ஆழ்குழாயை மூடச் சொல்லி எழுதுங்க. இன்னொரு கோடை இப்படிப் போனா, வீட்டைப் பூட்டிட்டு நானும் மருமகளும் கிளம்ப வேண்டியதுதான்.

– எழுதுறேன். ஆனா அவங்க என் பழைய அறிக்கையையே தூக்கிக் காட்டுவாங்க. மில்லு ஓட்டுற அளவுக்கு இங்க ஊத்து இருக்குன்னு கையெழுத்துப் போட்டதே நான்தானே. இப்போ நினைச்சா கை கூசுது.

– அப்புறம் ஏன் சார் போட்டீங்க? வயித்தெரிச்சல்ல கேக்குறேன்.

– அன்னிக்கு இருந்துதும்மா. யுத்தம் முடிஞ்ச சமயம், ஊருக்கு ஒரு கிணறு மாதிரிக்கு எடுப்போம். இங்க உங்களுது. ராத்திரி இறைக்காம விட்டு, விடிஞ்சதும் எவ்வளவு ஊறியிருக்குன்னு பார்க்கணும். கைக்கு எட்டுற மாதிரி ஏறி நின்னுது. என் சர்வீஸ்லயே அப்படி ஒரு ஊத்தை நான் பார்த்ததில்ல.

– என் வீட்டுக்காரரும் சாகுற வரைக்கும் அதான் சொன்னாரு. "தண்ணி சார் பொய் எழுத மாட்டாரு, அவரைத் திட்டாதே"ன்னு. நான்தான் உங்களைத் திட்டாத நாளில்ல. அவருக்கு உங்க மேல அவ்வளவு மரியாதை.

– நான் அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினதில்லையே?

– பேசணுமா என்ன? "நான் வர்ற வரைக்கும் இறைக்காதீங்க"ன்னு ஆள்கிட்ட சொல்லி விட்டீங்கல்ல, அது போதாதா அவருக்கு?

– மறுநாளே வர்றதா இருந்தேன். வழியில ஜீப்பு படுத்துடுச்சு, அப்புறம் வேற முகாமுக்குப் போகச் சொல்லிட்டாங்க. இங்க வந்து சேர ஒரு மாசம் ஆயிடுச்சு. அதுக்குள்ள நீங்க வழக்கம்போல பகல்ல இறைச்சிருப்பீங்கன்னுதான் நினைச்சேன்.

– அந்த மாசம் பூரா ஒரு குடம் எடுக்க விடலையே மனுஷன்! மிளகாய்ச் செடியெல்லாம் கண்ணு முன்னாடி கருகுது. மூணு தெரு தள்ளிப் போய் சுமந்து சுமந்து எனக்கு இடுப்பே விட்டுப் போச்சு. "சர்க்கார் சொல்லு, வாய மூடுடி"ன்னுட்டாரு. கிணத்தடியிலேயே காவலுக்குப் படுத்துக் கிடந்தாருன்னா பாருங்களேன்!

– ஐயோ அம்மா... ஒரு மாசம் சேர்ந்த தண்ணியையா நான் ஒரு ராத்திரி ஊத்துன்னு எழுதினேன்?