செவ்வாய்க்கு வழி சொன்ன கன்னையா

சங்கத் தலைவர் உயர்திரு சபாபதி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கிள்ளானிலிருந்தும் செந்தூலிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் நண்பர்களே, படுதாவுக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே.

நம் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் வாசகசாலைச் சங்கத்தின் துணைத்தலைவன் என்ற முறையில், நாகையாவாகிய நான் இந்த இடத்தில் பலமுறை நின்று பேசியிருக்கிறேன். நான் பேசும்போதெல்லாம் என்னை மறுத்துப் பேச அதோ அந்த நாற்காலியில் ஒருவர் காத்திருப்பார். காலை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு காத்திருப்பார். இன்று அந்த நாற்காலியில் அவருடைய படத்தை வைத்து மாலை போட்டிருக்கிறீர்கள். இனி நான் என்ன உளறினாலும் அங்கிருந்து மறுப்பு வராது. 

நம் சொல்மாரி கன்னையா போய்விட்டார். பகலில் ரயில்வே பண்டகசாலையில் ஆணியும் திருகும் எடுத்துக் கொடுத்தவர், மாலையில் பயாஸ்கோப் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஊமைப் படங்களுக்கு வாய் கொடுத்தவர், காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார். திரையில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியாத ஆயிரம் பேருக்கு அவர்தான் கண், அவர்தான் காது. அந்தக் குரல் இனி எங்கே கேட்கும்?

அவரைப் புகழ்ந்துவிட்டு இறங்கிப் போவதென்றால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் ஒரு மகளை விட்டுப் போயிருக்கிறார். தாயைச் சிறு வயதிலேயே இழந்த பெண், புஷ்பவல்லி, படுதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. நேற்றுக் காலை பாசாரில் என் காதிலேயே விழுந்தது. மீன் வாங்கிக்கொண்டு நின்ற ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார்: “செவ்வாய் தோஷம்னு சொன்னப்ப யாரு கேட்டா? கல்யாணம் முடியறதுக்குள்ள அப்பனையே எடுத்துருச்சு. இனி மாப்புள மட்டும் தப்பிச்சுக்குவானா லா?”

சபையோரே, அந்த மாப்பிள்ளை என் மகன் வாசு. ஆகவே இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது. சொல்கிறேன். அதற்கு முன் கன்னையா எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சொல்ல வேண்டும். முன்னதைச் சொன்னால்தான் பின்னது விளங்கும்.

வெள்ளம் வந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. கிள்ளான் ஆறு கரை புரண்டு நம் குவார்ட்டர்ஸுக்குள் புகுந்தது. எது சாலை, எது சாக்கடை என்று தெரியவில்லை. கன்னையா என்ன செய்தார்? கொட்டகையில் கதை சொல்லும் தகரக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் மேட்டில் ஏறி நின்றார். “அண்ணே, இப்படி வாங்க. அக்கா, அந்தப் பக்கம் பள்ளம், கால வச்சிராதீங்க” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? என் மனைவி சீதாலெட்சுமி அதில் ஒருத்தி. தண்ணீர் வடிந்த பிறகு கன்னையாவுக்குக் குரலே இல்லை. அந்தக் கரகரத்த தொண்டையோடு கொட்டகைக்குப் போய், காதல் காட்சிக்குக் கதை சொன்னார். கதாநாயகி தவளைபோலப் பேசுகிறாள் என்று ஜனங்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டுமா? சென்ற ஆண்டு இந்தப் பிரிக்பீல்ட்ஸையே இரண்டு கட்சியாகப் பிரித்த படம். நாலு வெள்ளைக்காரரும் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியும் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயில் ஏறிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கிறார்கள். செவ்வாய்க் கிரகத்தில் போய் இறங்குகிறார்கள். அங்கே தலையில்லாத இரும்பு மனிதர்கள் பூமிக்குள்ளிருந்து எழுந்து வருகிறார்கள். கதாநாயகன் ஒற்றை ஆளாக நின்று, கையில் ஓர் இரும்புக் கம்பியை வைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் அடித்து நொறுக்குகிறான். கடைசியில் மலையுச்சியிலிருந்து குதித்து, பறந்து போகிற பீப்பாயைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டே வீடு வந்து சேருகிறான்.

முதல் காட்சிக்கு நான் போயிருந்தேன். நம் கொட்டகை வாத்தியக்காரர் சிரில் ஆர்மோனியத்தில் ஏதோ யுத்த கீதம் வாசித்துக்கொண்டிருக்கிறார். கன்னையா குழாயைத் தூக்கி, “இதோ, இவர்கள் செவ்வாய்க்குப் புறப்படுகிறார்கள்” என்றார். முன்வரிசை மணலில் உட்கார்ந்திருந்த தண்டவாள வேலைக்காரர் ஒருவர் எழுந்து, “இன்னிக்கு வியாழந்தானே அண்ணே, அதுக்குள்ள என்னா அவசரம்?” என்று கேட்டார். கொட்டகை அதிர்ந்தது. நானும் சிரித்தேன். கன்னையா சிரிக்கவில்லை.

“செவ்வாக்கிழமைக்கு இல்லண்ணே, செவ்வாய்க்கு. நம்ம பொண்ணுங்க ஜாதகத்துல ஏறி உக்காந்திருக்குதே, அந்தச் செவ்வாய்க்கு” என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது.  அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அது வெள்ளைக்காரன் படமாக இல்லை. இரும்பு மனிதர்கள் எழுந்து வந்தபோது ஒரு தாய், “அதான், அதான், அடிச்சுக் கொல்லு அதை” என்று கத்தினாள். கதாநாயகன் கிரகத்தில் இறங்கி மண்ணை அள்ளிக் கையில் வைத்துப் பார்க்கிற காட்சி வந்தது. கன்னையா குழாயைத் தாழ்த்திக்கொண்டு, “வெறும் மண்ணு. வெறும் கல்லு. வேற ஒண்ணுமில்ல” என்றார். திரையில் அப்படி எழுத்து எதுவும் வரவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிள்ளான் தோட்டங்களிலிருந்து தாய்மார்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பத்துமலைக்கு வேண்டுதலோடு போகிறவர்கள் போலக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். காட்சி முடிந்ததும் கன்னையாவைச் சுற்றி நின்று, “அங்க மெய்யாவே ஒண்ணுமில்லியா அண்ணே?” என்று கேட்டார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன் நான். ஒரு வண்டி செந்தூலிலிருந்து கிளம்பிக் கிள்ளான் போய்ச் சேருவதற்கு எத்தனை பேர் எத்தனை வேலை செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு பீப்பாய் நிலக்கரி இல்லாமல், தண்ணீர் பிடிக்காமல், சிக்னல் இல்லாமல் ஆகாயத்தில் பறக்குமா? அவ்வளவு தூரம் பறந்து போய் இறங்கியவர்களின் கால்சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. சீமாட்டியின் தொப்பி விழவில்லை. ஜனங்களை இப்படி ஏமாற்றலாமா என்று சங்கத்தில் கேட்டேன். தலைவர் சபாபதி, “கேட்டு என்ன, வாதமே வச்சிடுவோம்” என்றார். ‘இத்தகைய படம் அறிவுடைமையா, அறிவீனமா?’ என்ற அந்த வாதம் இதே மண்டபத்தில் நடந்தது. அறிவீனம் என்று நான். அறிவுடைமை என்று கன்னையா.

நான் நன்றாகத்தான் பேசினேன். மடிப்பையும் தொப்பியையும் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். கன்னையா எழுந்தார். குழாய் இல்லை, மேடைத் தமிழும் இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

“நாகையா அண்ணன் சொன்னது அத்தனையும் நெசம். மனுசன் பீப்பாய்ல ஏறி அத்தன தூரம் செவ்வாய்க்குப் போறது நடக்கிற காரியமா? நடக்காது. ஒத்துக்கறேன். ஆனா அண்ணே, அதே செவ்வாய் அங்கருந்து கெளம்பி, அத்தன தூரம் வந்து, பிரிக்பீல்ட்ஸ்ல எங்க வீட்டு நம்பர கண்டுபிடிச்சு, எம் மக கல்யாணத்துக்குக் குறுக்க நிக்குதுன்னா, அத மட்டும் எப்படி நம்புறீங்க? அதுக்கு நெலக்கரி வேணாமா?”

இவ்வளவுதான் பேசினார். உட்கார்ந்துவிட்டார்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போன வீடு அவருடைய வீடு. ஒரு முறையல்ல, பலமுறை. அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று எனக்கு மறுத்துப் பேச நேரம் கொடுத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தலைவர் தீர்ப்புச் சொல்லாமலே கூட்டத்தை முடித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வாசு கேட்டான்: “அவருக்கு நீங்க பதிலே சொல்லலியேப்பா.” பதில் இருந்தால் சொல்லியிருப்பேனே என்றேன். கொஞ்ச தூரம் நடந்தோம். “அப்ப நாம போய்க் கேக்கலாமா, அந்தப் பொண்ண?” என்றான்.

போய்க் கேட்டோம். நான் சொன்னதும் கன்னையா பேச வாயெடுத்தார்.  ஊமைப் படத்துக்கெல்லாம் வாய் கொடுத்தவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றார். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பயமா இல்லியா அண்ணே?” இல்லை என்றேன். தட்டு மாற்றிக்கொண்டோம். வைகாசியில் முகூர்த்தம் குறித்தோம். அதற்குள்தான் இந்தக் காய்ச்சல் வந்தது.

சபையோரே, பாசாரில் பேசியவர்களுக்கு இப்போது சொல்கிறேன். இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் நம் லயத்து வீடுகளிலிருந்து எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு போயிற்று? அத்தனை வீட்டிலும் தோஷக்காரப் பெண்ணா இருந்தாள்? தண்டவாளத்து ஓரம் பள்ளத்தில் பச்சை பிடித்துக் கிடக்கிற தண்ணீரை யாராவது பார்த்தீர்களா? மாலையானால் அதிலிருந்து கிளம்புகிற கொசுவைப் பார்த்தீர்களா? கன்னையாவைக் கொன்றது ஆகாயத்திலிருந்து வரவில்லை. அவர் வீட்டுப் பின்புறத்திலிருந்து வந்தது.

என் சொந்தக்காரர்கள் நல்லெண்ணத்தோடுதான் எனக்கு ஒரு யோசனை சொன்னார்கள். துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், முடியாவிட்டால் தள்ளிப்போட வேண்டும் என்பது நம் வழக்கம். “தள்ளிப் போடுவோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க போதும். அப்புறம் அது தானா விட்டுப்போயிரும். யாரும் உங்கள குத்தம் சொல்ல முடியாது” என்றார்கள். எவ்வளவு நாகரிகமான வழி. ஒருவர் மனமும் நோகாது, அந்தப் பெண்ணின் மனத்தைத் தவிர.

கன்னையாவிடம் பயமில்லை என்றேன். அவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இன்று அதையே திரும்பச் சொல்ல முடியவில்லை. வாசு எனக்கு ஒரே பிள்ளை. நேற்றுப் பகல் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொசு என்றும் காய்ச்சல் என்றும் உங்களுக்கு விளக்கம் சொல்கிற இதே வாயால், கடைசியில் சீதாலெட்சுமியிடம், “உனக்குப் பயமா இல்லியா?” என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: “எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா அந்தப் புள்ள இன்னிக்கு யாருகிட்டப் போயி அழும்? அத நெனச்சா பயம் சின்னதாப் போயிருது.” அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தோம்.

அந்தப் படம் அறிவுடைமையா, அறிவீனமா? தலைவர் அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். படம் அறிவீனம்தான். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறிவீனத்தைக் கையில் எடுத்து, இத்தனை பெண்களின் தலையிலிருந்த பாரத்தை இறக்கிவைக்கப் பார்த்தாரே ஒருவர், அவரைப்போல அறிவாளி இந்தச் சங்கத்தில் இருந்ததில்லை. இனி யார் வரப்போகிறார்?

வருகிற சனிக்கிழமை அந்தப் படம் மறுபடி நம் கொட்டகைக்கு வருகிறது. கதை சொல்ல ஆளில்லை என்று கொட்டகைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். நான் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். எனக்கு அந்தக் குரல் கிடையாது. சிரிக்கவைக்கத் தெரியாது. இரும்பு மனிதர்கள் எழுந்து வரும்போது எனக்குக் கோபம் வந்தாலும் வரும். ஆனாலும் கதாநாயகன் அந்த மண்ணைக் கையில் அள்ளும்போது கன்னையா சொன்னதை, திரையில் இல்லாத அந்தச் சொல்லை, ஒரு எழுத்து விடாமல் சொல்வேன். என்னால் நிற்க முடிகிற வரையில் சொல்லிக்கொண்டிருப்பேன். இது அவருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னொரு வாக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் இல்லை. எங்கள் தலைவர் சபாபதியும் அவர் மனைவியும் அந்த இடத்தில் நிற்பதாக மனமுவந்து சொல்லியிருக்கிறார்கள். அது மட்டும் போதாது. இந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரன். மற்ற அத்தனை பேரும் பெண் வீட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு குறை நேர்ந்தால், வாசலில் வந்து நின்று என்னை ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள். பாசாரில் மீன் வாங்கியவரும் சேர்ந்துதான்.

அம்மா புஷ்பவல்லி, நான் பேசுவது உனக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன். உன் அப்பாவை எங்களால் திருப்பித் தர முடியாது. அழ வேண்டிய மட்டும் அழு. நாங்களும் அழுகிறோம். வைகாசியில் உன்னை அழைத்துப் போக வருகிறோம்.